பாரம் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு மாற்று ரயர் தெரிதல்

அறுவடையான நெல்லை வயலிலிருந்து ஆலைக்கும், மரக்கறிகளைத் தோட்டத்திலிருந்து சந்தைக்கும் கொண்டுசெல்லும் வேலையை முன்னர் மாட்டுவண்டிகள் செய்துவந்தன. இன்று அவ்வேலையின் பெரும்பகுதியைப் பிக்கப் வண்டிகளும் சிறு லொறிகளும் செய்கின்றன. மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் மாற்றும்போது கமக்காரர் கவனித்தது அதன் அளவொன்றையே. பட்டம் சில்லில் இறுகப் பொருந்தினாற் போதும். பாரத்தை மரமும் இரும்பும் தாங்கிக்கொள்ளும். மோட்டார் வண்டியின் ரயரையும் அவ்வாறே அளவை மட்டும் பார்த்து வாங்குவோர் பலர் உளர். றிம்மிற் பொருந்திவிட்டது என்பதனால் அந்த ரயர் அவ்வண்டிக்கு ஏற்றது என்று கொள்ளுதல் பெருந்தவறாகும்.

காற்று நிரப்பிய சில்லிற் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் இறப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றேயாகும். ரயர் அக்காற்றை அடக்கிவைத்திருக்கும் பாத்திரம் போன்றது. பாத்திரம் எவ்வளவு வலியதோ அவ்வளவு அமுக்கத்தில் அதனுட் காற்றை அடைக்கலாம். எவ்வளவு அமுக்கமாகக் காற்று அடைக்கப்பட்டிருக்கின்றதோ அவ்வளவுக்கு அது பாரத்தைச் சுமக்கும். காருக்கென ஆக்கப்பட்ட ரயரும் பாரவண்டிக்கென ஆக்கப்பட்ட ரயரும் அகலத்திலும் உயரத்திலும் ஒன்றாயிருக்கலாம். ஒரே றிம்மில் இரண்டும் ஏறலாம். ஆயினும் முன்னதன் சுவர் மெல்லியது. பின்னதன் சுவர் தடித்தது, அதன் இழைகளும் வலியவை. வெளிப்பார்வைக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

கார் ரயர் விலையிற் குறைந்தது. வண்டி வெறுமையாக ஓடும்போது குலுக்கமும் குறைவு. ஆதலால் அதனைப் பூட்டியவர் முதலிற் சில வாரங்கள் தம் தெரிவை எண்ணி மகிழ்வார். குறை வெளிப்படுவது முழுப் பாரத்துடன், வெயிலிற் சூடேறிய தார்த் தெருவில், நெடுந்தூரம் ஓடும்போதேயாம். பாரம் மிகுந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மிஞ்சி மடிந்து நிமிர்கின்றது. கம்பியொன்றைக் கையாற் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் சூடேறுவதுபோல, ரயரும் உள்ளே சூடேறுகின்றது. சூடேற ஏற இறப்பருக்கும் இழைகளுக்கும் இடையேயுள்ள பிடிப்புத் தளர்ந்து, ஈற்றில் மேற்பட்டி கழன்று பறக்கும் அல்லது சுவர் வெடிக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குத் தெருவழியே ஏறக்குறைய 250 கிலோமீற்றர் உண்டு. இடைவழியில் ரயர் வெடித்துச் சில மணி நேரம் நின்ற வண்டியிலுள்ள தக்காளி, சந்தை கூடும் வேளையைத் தவறவிட்டால் அன்றைய விலையை இழந்துவிடும். பாரத்துடன் ஓடும் வண்டியின் பின்சில்லு வெடிப்பின் வண்டி நிலைதவறிப் புரளவுங் கூடும். மூடைகளின் மேல் வேலையாட்கள் அமர்ந்து செல்லும் வழக்கம் ஆபத்தானது. எனினும் அது இன்னும் ஒழியவில்லை. அங்ஙனம் ஆட்கள் அமர்ந்திருந்தால் நட்டம் பொருளளவில் நில்லாது.

பக்கச்சுவரில் உள்ள குறிகள்

ரயர் ஒன்றின் தகுதியை அறிதற்கு விற்பனையாளரின் சொல்லிலும் நம்பத்தக்கது அதன் பக்கச்சுவரில் அச்சாகியுள்ள குறியாகும். எடுத்துக்காட்டாக, 215/65 ஆர் 16 சி 109/107 ரி என்பதனைக் கருதுக. இதில் 215 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறக்குறைய 140 மில்லிமீற்றர், என்பதைக் காட்டும். 'ஆர்' எனும் எழுத்து இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேரே செல்லும் ரேடியல் வகையைக் குறிக்கும். 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 'சி' எனும் எழுத்தே கமக்காரர் தேடவேண்டியது. ரயர் பாரவண்டிக்கென ஆக்கப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அமெரிக்க முறைப்படி குறியிடப்பட்ட ரயர்களில் இதற்குப் பதிலாக அளவுக்கு முன்னால் 'எல்.ரி.' என்ற எழுத்துக்கள் இருக்கும். 'பி' என்ற எழுத்து முன்னாலிருப்பின் அது கார் ரயர். எழுத்து எதுவும் இல்லாதிருப்பினும் பெரும்பாலும் அவ்வாறே கொள்ளல் வேண்டும்.

109/107 என்பவை பாரக்குறி எண்கள். இவை கிலோகிராம் அல்ல. ஒவ்வோர் எண்ணும் ஒரு பாரத்துக்குரிய அடையாளம். 96 என்பது 710 கிலோகிராமையும், 98 என்பது 750 கிலோகிராமையும், 100 என்பது 800, 104 என்பது 900, 106 என்பது 950, 109 என்பது 1030, 112 என்பது 1120, 118 என்பது 1320, 121 என்பது 1450 கிலோகிராமையும் குறிக்கும். இரண்டு எண்கள் இருப்பின் முதலாவது ஒரு பக்கத்துக்கு ஒரு சில்லு உள்ள வண்டிக்கும், இரண்டாவது பின்னால் இரட்டைச் சில்லுள்ள வண்டிக்கும் உரியன. இரட்டையிற் பாரம் இரண்டு ரயருக்கும் சரிசமமாகப் பகிரப்படுவதில்லை. ஆதலாற்றான் இரண்டாம் எண் குறைந்திருக்கின்றது.

ஈற்றெழுத்து வேகத்தைக் குறிப்பது. 'ரி' எனின் மணிக்கு 190 கிலோமீற்றர். நெல்மூடை ஏற்றிய வண்டி அவ்வேகத்தில் ஓடப்போவதில்லையாதலால், மேலான வேகக்குறிக்கென்று கூடிய பணம் கொடுத்தல் வீண். வண்டியின் கைநூல் கூறும் வேகக்குறிக்குக் குறையாதிருந்தாற் போதும்.

சில ரயர்களில் 6, 8, 10 என்றவாறு பிளை எண்ணும் காணப்படும். முற்காலத்தில் இது ரயரினுள் அமைந்த பருத்தித் துணிப் படைகளின் தொகையாக இருந்தது. இன்று உருக்குக் கம்பியும் செயற்கை இழையும் வந்துவிட்டமையால் அது உண்மையான படைத்தொகை அன்று. வலிமையைக் காட்டும் அளவுகோல் மட்டுமே. 8 பிளை எனப்படும் ரயரை வெட்டிப் பார்த்து எட்டுப் படைகளைத் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

பாரத்தைக் கணக்கிடல்

ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 21 கிலோகிராம். மூன்று புசல் கொண்ட மூடை ஒன்று ஏறக்குறைய 63 கிலோகிராம். 16 மூடைகள் ஏறக்குறைய 1000 கிலோகிராம். பிக்கப் வண்டியின் சாமான் தட்டு பின்னச்சின் மேலேயே அமைந்திருத்தலால் ஏற்றிய பாரத்தின் மிகப் பெரும்பங்கு பின்சில்லுகளிலேயே தங்கும். அவ்வாயிரம் கிலோகிராம் பாரத்தில் 900 கிலோகிராம் பின்னால் வந்ததெனவும், வெறுமையாக நிற்கும்போதே பின்சில்லுகளில் 700 கிலோகிராம் உண்டு எனவும் கொண்டால், மொத்தம் 1600. சில்லொன்றுக்கு 800 கிலோகிராம் ஆகும்.

இவ்வண்டிக்கு 215/65 ஆர் 16 அளவில் ரயர் வேண்டும் எனக் கொள்வோமாயின், கடையில் அவ்வளவில் இரு வகைகள் கிடைக்கக்கூடும். காருக்குரியதன் பாரக்குறி 98. அது தாங்குவது 750 கிலோகிராம். பாரவண்டிக்குரிய 'சி' ரயரின் பாரக்குறி 109. அது தாங்குவது 1030 கிலோகிராம். முன்னது பூட்டிய அன்றே 50 கிலோகிராம் குறையுடன் தொடங்குகின்றது. அமெரிக்க விதிமுறையோ கார் ரயரைப் பாரவண்டியிற் பூட்டும்போது அதன் தாங்குபாரத்தை 1.10 ஆற் பிரித்துக் கொள்ளல் வேண்டும் என்கின்றது. அவ்வாறு பார்ப்பின் 750 என்பது 682 ஆகக் குறையும். பின்னதிலோ 230 கிலோகிராம் கையிருப்பாக எஞ்சுகின்றது.

இக்கையிருப்பு வீணன்று. தெரு ஒரு பக்கம் சரிந்திருக்கும். மூடைகள் ஒரு பக்கம் நகரும். கிறவல் தெருவிற் சில்லு குழியில் விழுந்தெழும். அவ்வேளைகளில் ஒரு ரயர் தன் பங்குக்கு மேலாகவே சுமக்க நேரிடும். மழையில் நனைந்த மூடையும், சேறு கழுவாத கரட், பீற்றூட் முதலியனவும் நினைத்ததிலும் பாரமானவை என்பதையும் மறத்தலாகாது. கணக்கிற் சந்தேகமுள்ளவர், வண்டிகளை நிறுக்கும் தராசு மேடை உள்ள ஆலையொன்றில், ஏற்றிய வண்டியின் பின்சில்லுகளை மாத்திரம் மேடையில் நிறுத்தி நிறுத்துக் கொள்ளலாம். அத்தொகையின் பாதியே பின் ரயர் ஒவ்வொன்றும் தாங்கவேண்டிய பாரம்.

ஆயினும் வலிய ரயர் பூட்டியதனால் வண்டி கூடிய பாரம் ஏற்றத் தகுதி பெற்றுவிட்டது என்று எண்ணலாகாது. அச்சும் ஸ்பிறிங்கும் பிரேக்கும் பழையனவே. வண்டியைச் செய்தோர் விதித்த பாரம் அதன் கதவோரத் தகட்டிலோ பதிவுப் பத்திரத்திலோ கைநூலிலோ குறிக்கப்பட்டிருக்கும், அதுவே எல்லை.

காற்றின் அளவு

ரயரிற் குறித்த பாரம், அதற்குரிய அமுக்கத்திற் காற்று நிரம்பியிருக்கும்போது மட்டுமே உண்மையாகும். எல்.ரி. 245/75 ஆர் 16 என்ற 10 பிளை ரயரைப் பார்ப்போம். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கத்தில் அது ஏறக்குறைய 1380 கிலோகிராம் தாங்கும். 50 இறாத்தலுக்கு இறக்கினால் 1000 கிலோகிராமே தாங்கும். ஆகவே, வலிய ரயரை வாங்கி அதிற் கார் ரயருக்குரிய 30 அல்லது 35 இறாத்தற் காற்றை அடைத்து ஓட்டுபவர், கூடிய விலை கொடுத்து மெலிந்த ரயரையே பெற்றவராகின்றார்.

உழவு இயந்திரத்தோடு பழகிய கமக்காரரிடம் இத்தவறு எளிதில் நிகழும். உழவு இயந்திரத்தின் பெரிய பின்சில்லு வயலில் 12 முதல் 16 இறாத்தல் வரையான காற்றுடனேயே நன்கு வேலை செய்யும். அங்கு ரயர் தளர்ந்து விரிந்து மண்ணைப் பற்றுவதே நோக்கம், வேகமும் குறைவு. தெருவில் விரைந்தோடும் பாரவண்டிக்கு அந்நியாயம் பொருந்தாது. வயற்கரைச் சேற்றிற் புதைந்த பிக்கப் வண்டியை வெளியேற்றக் காற்றைச் சிறிது இறக்குவது நல்ல உபாயமே. ஆனால் தார்த் தெருவுக்கு ஏறுமுன் மீளக் காற்று அடைக்கப் பம்பு ஒன்று வண்டியில் இல்லாதவர் அதனைச் செய்யாதிருத்தல் நன்று.

காற்றை அளப்பது காலையில், வண்டி ஓடுமுன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போதாகும். ஓடிச் சூடேறிய ரயரில் அமுக்கம் கூடியிருத்தல் இயல்பு. அதனைக் கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது. காலால் உதைத்தும் கண்ணாற் பார்த்தும் அறிவது ரேடியல் ரயரிற் பலிக்காது. அதன் சுவர் சரியான காற்றிலும் சற்றுப் புடைத்தே இருக்கும். அமுக்கமானி ஒன்று வாங்குதல் வேண்டும். 65 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் வேண்டிய ரயருக்குக் காரிற் பூட்டும் சாதாரண இறப்பர் வால்வு தகாது; உயர்ந்த அமுக்கத்துக்குரிய உலோக வால்வைப் போடுவித்தல் வேண்டும். றிம்மும் அவ்வமுக்கத்தைத் தாங்கத்தக்கதாயிருத்தல் அவசியம்.

மேற்பட்டியின் அமைப்பு

ஆழ்ந்த கட்டைகளையுடைய சேற்று ரயர் பார்ப்பதற்கு உறுதியானது போலத் தோன்றும். உண்மையில் மேற்பட்டியின் தோற்றத்துக்கும் தாங்கும் பாரத்துக்கும் தொடர்பில்லை. ஆண்டிற் சில நாட்கள் மட்டும் வயற்பாதையிலும் மிகுதி நாட்களெல்லாம் தார்த் தெருவிலும் ஓடும் வண்டிக்குச் சேற்று ரயர் இலாபமன்று. அது இரைச்சல் மிகுந்தது, சூடான தெருவில் விரைவில் தேயும், நனைந்த தாரிற் பிடிப்பும் குறைவு. இருவகைத் தெருவுக்கும் இடைப்பட்ட அமைப்புள்ள ரயரே வடக்குக் கிழக்கு மாகாண நெற்செய்கையாளர் பலருக்கு ஏற்றது. நுவரெலியாப் பகுதியிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும் மரக்கறி வண்டிக்கோ, நீரை விரைந்து வெளியேற்றும் நேரான பள்ளக்கோடுகளையுடைய தெரு ரயரே பாதுகாப்பானது. அவ்விறக்கங்களிற் பிரேக்கின் சூடு றிம்மையும் ரயரையும் சேர்கின்றமையால், பாரக்குறியிற் கையிருப்பு அங்கே இன்னும் அவசியமாகின்றது.

பள்ளக்கோடுகளின் அடியில் ஆங்காங்கு சிறு மேடுகள் உண்டு. அவை 1.6 மில்லிமீற்றர் உயரமானவை. மேற்பட்டி தேய்ந்து அம்மேடுகளுடன் சமமானால் ரயரின் ஆயுள் முடிந்தது. மாரி மழையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே மாற்றுதல் சிறந்தது.

பழைய ரயரும் பாவித்த ரயரும்

இறப்பர் ஓடித் தேய்வது மட்டுமன்று, நின்ற நிலையிலும் முதுமையடையும். வெயிலும் வெப்பமும் காற்றும் அதனை உலரச் செய்து வெடிப்பை உண்டாக்கும். ரயர் ஆக்கப்பட்ட காலத்தைப் பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் உள்ள நான்கு இலக்கங்கள் கூறும். 2319 எனின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். ஐந்து ஆண்டு பாவித்த ரயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டிச் சோதிப்பித்தல் வேண்டும். பத்து ஆண்டு கடந்ததனை, மேற்பட்டி புதிதுபோலிருப்பினும், நீக்கிவிடுதல் வேண்டும் என்பது ரயர் ஆக்குவோர் பலரின் அறிவுரை. மேலதிகச் சில்லாக வண்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகத் தொங்கும் ரயருக்கும் இது பொருந்தும்.

1952 ஆம் ஆண்டு சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்நாடு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது. இறப்பர் விளையும் நாட்டில் வாழ்வோரும் ரயரின் பிறந்த ஆண்டைப் பாராது வாங்குவது வியப்பே.

பாவித்த ரயரை வாங்க நேரின் உட்பக்கத்தையும் கையாற் தடவிப் பார்த்தல் வேண்டும். உள்ளே கருந்தூள் உதிர்ந்திருப்பினும், சுவரைச் சுற்றி வளையம் போன்ற தடம் இருப்பினும், அது காற்றுக் குறைந்த நிலையில் ஓடிய ரயர். எவ்விலைக்கும் கொள்ளத் தகாதது. மேற்பட்டி மீளப் பதித்த ரயர், நம்பத்தக்க தொழிற்சாலையிற் செய்யப்பட்டதாயின் பின்சில்லுக்கு உதவும். முன்சில்லிற் பூட்டாமை நன்று. தேய்ந்த ரயரிற் சூடான கத்தியாற் புதிய பள்ளங்களை வெட்டி விற்பதும் உண்டு. அதற்கென ஆக்கப்படாத ரயரில் அவ்வாறு வெட்டுதல் இழைகளைக் காத்து நிற்கும் மெல்லிய இறப்பரையும் நீக்கிவிடும். பக்கச்சுவரில் ஏற்பட்ட வெட்டுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டுவதும் கூடாது.

பூட்டுமுன் கவனிக்கவேண்டியவை

கழற்றிய ரயரை எறிந்துவிடுமுன் அதன் தேய்வை நோக்குக. நடுப்பகுதி தேய்ந்திருந்தாற் பாரத்துக்கு மிஞ்சிய காற்று. இரு ஓரமும் தேய்ந்திருந்தாற் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தாற் சில்லின் நேர் பிழைத்துள்ளது. இடையிடையே தேய்ந்திருந்தால் அதிர்வு தாங்கி பழுதுற்றிருத்தல் கூடும். காரணத்தைத் திருத்தாது புதிய ரயர் போடின் அதுவும் அவ்வழியே செல்லும்.

நான்கையும் ஒருங்கே மாற்றப் பணம் இல்லாதவிடத்து ஓர் அச்சின் இரண்டையுமாவது சேர்த்து மாற்றுதல் வேண்டும். அவை அளவிலும் வகையிலும் பாரக்குறியிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ரேடியல் ரயரையும் குறுக்கிழை ரயரையும் ஒரே அச்சிற் கலத்தலாகாது. புதிய இரண்டையும் பின்னாற் பூட்டுக. வண்டியைத் திருப்புவது முன்சில்லாதலாற் புதியது அங்கேயே வேண்டும் என்று கூறுவோர் உளர். ஆனால் சந்தையிற் பாரத்தை இறக்கிவிட்டு மழையில் வெறுமையாகத் திரும்பும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் மிக இலேசானது; அங்கே பிடிப்பு அற்றுப்போயின் வண்டி சுழன்றுவிடும், அதனைத் திருத்துதல் சாரதிக்கு அரிது. நாற்சில்லும் இழுக்கும் வண்டியில் நான்கு ரயரின் விட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். இன்றேற் பற்சக்கரப் பெட்டி பழுதுறும். வண்டிக்குரியதிலும் பெரிய விட்டமுள்ள ரயர் மண்காப்பில் உரசுவதோடு, வேகமானி உண்மை வேகத்திற் குறைத்துக் காட்டவும் செய்யும்.

றிம் ஓரத்தாற் காற்றுக் கசியும் ரியூப் இல்லா ரயரினுட் சாதாரண ரியூப் ஒன்றைப் புகுத்தி ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். உள்ளே இரண்டும் உரசிச் சூடு மிகும். கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் றிம்மின் துருவே. அதனைச் சுரண்டித் துப்புரவு செய்வித்தல் செலவிற் குறைந்தது. புதிய சில்லுகளைப் பூட்டி ஏறக்குறைய 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் நட்டுக்களை மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும். மேலதிகச் சில்லிலும் அன்றே காற்றை அளந்து, பின்சில்லுக்கு வேண்டிய அளவுக்கு நிரப்பி வைத்தல் வேண்டும். பாரத்துடன் நின்ற வண்டிக்கு அது பெரும்பாலும் பின்னாலேயே தேவைப்படும்.